காலம் என்ற கட்டம்

பேரணாம்பட்டுக்கு மேற்கே மூன்றாவது குன்று.
படிவம் பெயர் கேட்கிறது.
ஆடு மேய்ப்பவர் ஒரு பெயர் சொன்னார்,
குவாரிக்காரர் ஒரு நம்பர் சொன்னார்.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டுக்கு இந்தப் பாறையில் ஒன்றுமில்லை.
நெருப்புச் சட்டி, அவ்வளவுதான்.
வெயில் சாய்ந்து தரையோடு ஊர்ந்து வரும்போது
முதலில் ஒரு திமில்,
பிறகு கொம்பு இரண்டும்,
பிறகு, உள்ளேயிருந்து யாரோ தள்ளுவதுபோல,
முழு மாடு.

முன்பு ஒருவர் சாக்பீஸால் வரைந்து போட்டோ எடுத்திருக்கிறார்.
என்னிடம் வந்த கோப்பில் அதற்கு ஐந்து கால்.
ஐந்தாவது, கல்லின் வெடிப்பு.

இழுத்த கோடு அல்ல. கொத்தியது.
கல்லால் கல்லை, குத்துக் குத்தாக.
லென்ஸில் அம்மைத் தழும்பு.
இரும்பு பட்டிருந்தால் பள்ளத்தின் விளிம்பு கூராக நிற்கும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
என் விரலுக்கு விளிம்பு தட்டவில்லை.
(விரல் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.)

மாட்டின் வயிற்றுக்கு மேல் ஒரு திரிசூலம்: மாட்டுக்குப் பிந்தியது.
திரிசூலத்தின் மேல் சுண்ணாம்பு: அதற்கும் பிந்தியது.
தள்ளி ஓர் ஆடுபுலிக் கட்டம்: எப்போது வேண்டுமானாலும்.
பின்னங்காலில் தொடங்கி, தொடையை வெட்டிக்கொண்டு
அ. தஸ்தகீர் 1971.

திட்டினேன்.
பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
கொத்திய இடம் முதலில் வெள்ளை.
வெயிலும் மழையும் தின்னத் தின்னப் பழுப்பு.
கடைசியில் பாறையின் நிறத்துக்கே திரும்பிவிடும்.
தஸ்தகீர் ஐம்பது வருஷத்தில் இவ்வளவுதான் பழுத்திருக்கிறார் என்றால்
பாறையாகவே ஆகிவிட்ட இந்த மாட்டுக்கு
எவ்வளவு?
குன்று முழுக்கத் தேதி போட்டவர் அவர் ஒருவர்தான்.
பாழாக்கியவரே என் அளவுகோல்.

விசாரித்து விசாரித்து ஆள் கிடைத்தது.
தோல் ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் வேலை.
பெயர் கரீமுல்லா. தஸ்தகீர் இல்லை.
மூச்சு வாங்க ஏறிவந்து
மாட்டை அவர் பார்க்கவேயில்லை.
குனிந்து, கட்டைவிரலால் கல்லைத் தேய்த்து,
பதம் பார்க்கிற மாதிரி பார்த்து,
"எழுத்து என்னுது. பேரு அண்ணனுது" என்றார்.

கான்பூருக்குப் போன அண்ணன்.
எழுபத்தொன்றில் கடிதம் நின்றது.
எழுதியது எப்போது?
"எழுபத்தாறோ ஏழோ. எனக்குப் பொண்ணு பேசின சமயம்.
கல்லுடைக்கிறவங்ககிட்ட சுத்தி வாங்கியாந்தேன்.
திருப்பித் தரல."

ஆக, கல் ஆறு வருஷம் பொய் சொல்லியிருக்கிறது.
ஐம்பதில் ஆறு.
மாட்டுக்குப் பெருக்கினால் நானூறு, ஐந்நூறு.
அது போகட்டும், அதற்குப் பிழைவரம்பு என்று ஒன்று உண்டு.

செதுக்கிய நாளைத் தேடி வந்தேன்.
கல்லில் இருப்பது போனவன் போன நாள்.
அப்படியென்றால் இந்தத் திமில்?
கொத்தியவன் எதிரே மாடு நின்றிருந்ததா,
இல்லை, கட்டிய இடத்தில்
கயிறு மட்டும் கிடந்ததா?

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

கீழே கம்ப்ரசர் நின்றது. ஐந்தரை.
குவாரியின் துளை வரிசை, ஜாணுக்கு ஒன்றாக,
மாட்டிலிருந்து நாற்பது மீட்டர்.
நாளைக் காலை படிவம் வேலூரில் இருக்க வேண்டும்.
காலம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.
திரும்பி வருவதற்குள் நாற்பது முப்பதாகும்.

எழுதினேன்: புதிய கற்காலம், உத்தேசமாக.
குறிப்பு: அருகிலுள்ள பெயரின் ஆண்டு 1971 அல்ல,
1976 அல்லது 77. சாட்சி உண்டு.

"அழிச்சிடுவீங்களா அதை?"
அழிப்பதும் சேதம்தான், விதிப்படி, என்றேன்.
சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.
சுத்தியல் வாங்கியவர் பெயரை
இறங்கும்வரை யோசித்துக்கொண்டே போனார்.

நான் டேப்பைச் சுருட்டினேன்.
வெயில் இறங்கியது.
முதலில் கால்கள், பிறகு கொம்பு, பிறகு திமில்.
தஸ்தகீர் மட்டும்
இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்தார்.